புறவாசல் வழியாக ஒரு குளிர்ச் சோதனை

என் மகன் பிறந்து ஒரு மாதம்கூட ஆகாத நேரத்தில், பெங்களூரில் நான் விட்டுவிட்டு வந்திருந்த ஒரு பட்டையை அறுத்துப் பார்க்கப் போவதாகச் செய்தி வந்தது. செய்தியைச் சொன்னவள் அம்மா. புறவாசல் படியில் நின்றுகொண்டு, என் போனைத் தன் காதில் வைத்தபடி, என் அறை ஜன்னலைப் பார்த்துச் சொன்னாள்.

"ஏட்டி, பட்ட போயிட்டாம். அறுத்து உள்ள பாக்கணும்ங்காவளாம். நீ என்ன சொல்லுதன்னு ஒன் ஆபீஸ் தம்பி கேக்கான்."

நான் கட்டிலில் சாய்ந்திருந்தேன். மடியில் பையன் பால் குடித்துக்கொண்டிருந்தான். எழுந்து ஓட முடியாது. வயிற்றில் தையல் இன்னும் இழுத்தது. "அறுக்கக் கூடாதுன்னு சொல்லும்மா" என்று மட்டும் சொன்னேன். அதற்கே எனக்கு மூச்சு வாங்கியது.

அது என்ன பட்டை, அதைப் பற்றிய போன் ஏன் அம்மாவின் காதில் இருந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் வேலை பார்ப்பது விண்வெளிக் கருவிகளுக்கான பொருட்களைச் சோதித்துப் பார்க்கும் ஓர் ஆய்வகத்தில். விண்வெளித் தொலைநோக்கி ஒன்றில் பொருத்தப்போகும் கேமராவுக்காக ஒரு பட்டை செய்திருந்தோம். உள்ளங்கையில் அடங்கிவிடும். பென்சில் முனையில் இருக்கிறதே கரி, அதே சரக்கை மெல்லிய தாள்களாக்கி, தாளின்மேல் தாளாக அடுக்கி, இரண்டு முனைகளையும் அலுமினியக் கட்டைகளில் பிடித்துவைத்தது. அந்தக் கேமரா, தொலைதூரத்து நட்சத்திரங்களிலிருந்து வரும் வெப்பத்தைப் பார்க்கும். தான் சூடாக இருந்தால் தன் சூட்டைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும். ஆகவே அது எந்நேரமும் கடுங்குளிரில் இருந்தாக வேண்டும். கேமராவில் உண்டாகும் கொஞ்சநஞ்சச் சூட்டையும் வாங்கி, வெளியே இருக்கும் குளிர்ந்த தகட்டிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் பட்டையின் வேலை. கெட்டியான உலோகத் துண்டு ஒன்றை வைத்தாலும் சூட்டைக் கடத்தும்தான். ஆனால் அது அதிர்வையும் சேர்த்துக் கடத்தி, கேமராவை ஆட்டிவிடும். எங்கள் பட்டை துணிபோல மடங்கும். சூட்டை மட்டும் விடும், ஆட்டத்தை விடாது. அதற்காகத்தான் அத்தனை பாடு.

மூன்று வருடங்கள் அதோடு கிடந்தேன். முதலில் செய்த பட்டைகள் முனையில் பிய்ந்தன. அடுத்து வந்தவை குளிரில் விறைத்துப்போயின. கடைசியாக ஒன்று சொன்னபடி கேட்டது. அதைச் செய்து முடித்த மாதத்தில்தான் நான் உண்டாகியிருந்தேன். பட்டைக்கு ஒவ்வொரு சோதனையாக நடக்க, எனக்கு வயிறு வளர்ந்தது. சோதனை நடக்கும் பெரிய சேம்பருக்குப் பக்கத்தில் குனிந்து நிமிர முடியாமல் போனபோது, என்னோடு ஆரம்பத்திலிருந்து வேலை பார்த்த நண்பர் சொன்னார்: "நீங்க ஊருக்குப் போங்க. மிச்சத்தை நான் பாத்துக்கறேன். தினம் என்ன நடந்துச்சுன்னு சொல்லிடறேன், போதுமா?"

அவர் தஞ்சாவூர்ப் பக்கம். இரட்டைப் பெண் குழந்தைகளுக்குத் தகப்பன். சொன்னால் சொன்னதைச் செய்கிற ஆள்.

சங்கரன்கோவிலில் எங்கள் வீட்டை ஒட்டியே அப்பாவின் விசைத்தறிக் கூடம் இருக்கிறது. ஓரிரு தறிகளில் அப்பாவே நின்றுகொள்வார், மற்றவற்றை இரண்டு பேர் ஓட்டுவார்கள். காலையில் ஆரம்பிக்கும் சத்தம் கரண்டு போனால்தான் நிற்கும். அந்தச் சத்தத்தில்தான் நான் பன்னிரண்டாம் வகுப்புவரை படித்தேன். என் மகனும் அதில்தான் தூங்கினான். தறி நின்றால் விழித்துக்கொண்டு அழுதான்.

பிரச்சினை சத்தம் இல்லை, சிக்னல். பிரசவித்தவளுக்கென்று அம்மா ஒதுக்கியிருந்த உள்ளறைக்குள் போன் சிக்னல் சுத்தமாக வராது. புறவாசல் படியில், துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் நின்றால் கிடைக்கும். அங்கிருந்து என் ஜன்னல்வரை நடந்து வந்தால் அறுந்துவிடும். நான் போய் நிற்கலாம் என்றால், அதற்கு அம்மா விடமாட்டாள். பச்சை உடம்பு, காதில் காற்று அடிக்கும், கண்ணுக்குப் போன் வெளிச்சம் ஆகாது. திருநெல்வேலியில் எனக்கு ஆபரேஷன் செய்த டாக்டரம்மா, கொஞ்சம் கொஞ்சமாக நடக்கத்தான் வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார். "நடக்கட்டும், ரூமுக்குள்ள நடக்கட்டும்" என்பது அம்மாவின் தீர்ப்பு.

"பெறகு ஆபீஸ்ல இருந்து போன் வந்தா யாரு பேசுவா?" என்று கேட்டேன்.

"நான் பேசுதேன். இதென்ன எனக்குப் புதுசா?"

அவளுக்குப் புதிதில்லைதான். அம்மா எங்கள் ஊர் தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராக வேலை பார்த்தவள். வெளியூருக்குப் பேச வேண்டுமென்றால் சொல்லிவைத்துவிட்டுக் காத்திருந்த நாட்களில், ஜவுளி வியாபாரிகளுக்கும் பூ மார்க்கெட் தரகர்களுக்கும் லைன் போட்டுக் கொடுத்தவள். பிறகு ஆபரேட்டரே வேண்டாமென்று ஆனபோது, கவுன்ட்டருக்கு மாறி, பணிக்காலம் முடித்து வீட்டுக்கு வந்தாள். ஆனால் போனைக் கையில் எடுத்தால் இன்றைக்கும் குரல் வேறாகிவிடும். எங்களிடம் "ஏட்டி", "ஏலே" என்று பேசுகிறவள், போனில் "சொல்லுங்க", "லைன்ல இருங்க" என்பாள்.

நண்பர் முதல் நாள் அழைத்தபோதே இது நடந்தது. அவர் என்னை எதிர்பார்த்து ஏதோ வேகமாகச் சொல்லியிருக்கிறார். அம்மா நிதானமாக, "தம்பி, மெதுவா சொல்லுங்க. நான் அப்படியே அவகிட்ட சொல்லுதேன். எனக்குப் புரியணும்னு இல்ல" என்றாள். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பி, "காத்த எல்லாம் உறிஞ்சியாச்சாம். குளிர வச்சிருக்காவளாம். ராத்திரிக்குள்ள மைனஸ் நூத்தித் தொண்ணூறுக்குப் போயிருமாம்" என்றாள்.

அங்கேயிருந்து அவர் வேறு ஏதோ கேட்டிருக்கிறார். அம்மா சிரித்தாள்.

"என்னவாம்?"

"பின்னால பம்பு ஓடுதான்னு கேக்கான். நம்ம தறிச் சத்தத்தச் சொல்லுதான்."

சேம்பரில் காற்றை உறிஞ்சும் பம்பும் கிட்டத்தட்ட அப்படித்தான் சத்தம் போடும். எனக்கு அது அதுவரை தோன்றியதே இல்லை.

அதன்பிறகு தினமும் காலையில், எனக்குக் கஷாயம் கொடுத்துவிட்டு, பையனைக் குளிப்பாட்டித் துடைத்துப் படுக்கவைத்துவிட்டு, அம்மா போனோடு புறவாசலுக்குப் போவாள். அவர் சொல்வதை ஒரு எழுத்து பிசகாமல் சொல்வாள். நான் சொல்வதையும் அப்படியே அங்கே சேர்ப்பாள். வேலைப் பேச்சு முடிந்த பிறகும் போன் முடியாது. அம்மாவும் அவரும் பையனைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்கள். வயிற்று உப்புசத்துக்கு என்ன செய்வது என்பதில் இருவருக்கும் ஒத்துவராது. அவர் இரண்டு பிள்ளைகளை ஒரே நேரத்தில் தூக்கி வளர்த்த அனுபவத்தில், தோளில் போட்டுத் தட்டினால் போதும் என்பார். அம்மா, ஓமத்தண்ணி கொடுக்கலாம் என்பாள். டாக்டர் தாய்ப்பால் தவிர ஒன்றும் கூடாது என்று சொல்லியிருப்பதை நான் உள்ளேயிருந்து கத்துவேன். அது மட்டும் அந்தப் பக்கம் போய்ச் சேராது.

"அவங்க என்ன சொல்றாங்கம்மா?" என்று அவர் கேட்டிருப்பார்.

"ஒண்ணும் இல்ல தம்பி, பிள்ளகூடப் பேசிக்கிட்டு இருக்கா."

என் கணவர் வார இறுதியில் வருவார். வந்து பார்த்துவிட்டு, "உங்க அம்மா உன் ஆபீஸ்லயே சேர்ந்துடலாம்" என்று சிரித்துக்கொண்டே போவார்.

அப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அதிர்வுச் சோதனை வந்தது. ராக்கெட் கிளம்பும்போது எப்படி உலுக்குமோ அப்படிப் பட்டையை ஒரு மேசையில் கட்டி உலுக்குவார்கள். அது முடிந்ததும் மறுபடி சேம்பரில் வைத்துக் குளிர்வித்து, முன்பு போலவே வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும். பார்ப்பது சுலபம். பட்டையின் ஒரு முனையைக் குளிர்ந்த தகட்டில் பிடித்துவைத்து, மறுமுனையில் சின்ன ஹீட்டரால் கொஞ்சம் சூடு கொடுப்போம். இரண்டு முனைகளுக்கும் இடையே எத்தனை டிகிரி வித்தியாசம் இருக்கிறது என்று அளப்போம். வித்தியாசம் குறைவாக இருந்தால் பட்டை சூட்டை நன்றாகக் கடத்துகிறது என்று பொருள். உலுக்குவதற்கு முன்னால் நாலு டிகிரி இருந்தது. உலுக்கிய பிறகு ஒன்பது.

ஒன்பது என்றால், உள்ளே தாள்கள் கிழிந்திருக்க வேண்டும், அல்லது அலுமினியக் கட்டையிலிருந்து பிடி விட்டிருக்க வேண்டும். வெளியே பார்த்தால் தெரியாது. முனையை அறுத்து, உருப்பெருக்கியில் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். அறுத்தால் பட்டை போயிற்று. வேறொன்று செய்ய மாதக்கணக்கில் ஆகும். எங்கள் குழுவுக்குத் தலைவியாக இருந்த மேடம் கெட்டவரில்லை. சேம்பரை அடுத்து இன்னொரு குழுவுக்குக் கொடுத்தாக வேண்டும், மேலிடத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். அறுத்துவிடுவது என்று முடிவெடுத்துவிட்டு, செய்தவளிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாமே என்று நண்பரைப் பேசச் சொல்லியிருக்கிறார். அந்தப் போன்தான் ஆரம்பத்தில் நான் சொன்னது.

நான் அறுக்கக் கூடாது என்றதை அம்மா அப்படியே சொன்னாள். பிறகு தன் பங்குக்கு ஒன்று கேட்டாள்.

"அறுக்கணும்னு சொல்லுதது யாரு தம்பி?"

அவர் மேடத்தைச் சொல்லியிருக்கிறார்.

"அந்தம்மாவுக்குப் பிள்ளகுட்டி இருக்கா? இவ அத மூணு வருஷம் சொமந்திருக்கா. எடுத்தோம் அறுத்தோம்னா எப்படி? நாளைக்குப் பேசுதோம்னு சொல்லுங்க."

போனை வைத்துவிட்டு உள்ளே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். பையனை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள். நான் அழுதுகொண்டிருந்தேன். பிரசவத்துக்குப் பிறகு எதற்கெடுத்தாலும் கண்ணில் தண்ணீர் வந்தது, அதில் இதுவும் சேர்ந்துகொண்டது.

"ஒரு நாள் வாங்கிக் குடுத்திருக்கேன்" என்றாள். "அழுதுட்டு யோசி. யோசிச்சுட்டு அழுதாலும் சரி."

அன்றைக்குப் பூராவும் யோசித்தேன். தாள் கிழிந்திருக்கும் என்று என் மனம் ஒப்பவில்லை. ஆசையினால் அப்படி நினைக்கிறேனோ என்றும் பயமாக இருந்தது. நம் கையால் செய்தது கெட்டுப்போகாது என்று நினைப்பவர்களை நானே ஆய்வகத்தில் கேலி செய்திருக்கிறேன். ஆகவே பட்டையை விட்டுவிட்டு, ஒன்பது என்று சொன்னது யார் என்று யோசித்தேன். சொன்னது முனைகளில் ஒட்டியிருக்கும் வெப்பமானிகள். தலைமுடியைப் போல ஒயர்கள் உள்ள சின்னப் பொட்டுகள். பட்டையை உலுக்குவதற்காக அவற்றைக் கழற்றியிருப்பார்கள். திரும்ப ஒட்டியிருப்பார்கள். அவை சொல்வது சரிதானா என்று எப்படிக் கேட்பது?

மாலையில் அப்பா தறியை நிறுத்திவிட்டுக் கைகால் கழுவிக்கொண்டு வந்து ஜன்னலுக்கு வெளியே நின்றார். குழந்தை பிறந்ததிலிருந்து அவர் உள்ளறைக்குள் வருவதில்லை. ஜன்னல்தான்.

"என்ன மக்கா, அம்ம சொன்னா. துணி கிழிஞ்சிட்டாமே."

"துணி இல்லப்பா. கிழிஞ்சிச்சான்னும் தெரியல."

"கிழிஞ்சா இன்னொண்ணு நெய்ஞ்சுக்கிட வேண்டியதான?"

"அது அவ்வளவு லேசு இல்லப்பா."

"சரி" என்றார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "அல்வா வாங்கிட்டு வரவா?" என்று கேட்டார். பிள்ளை பெற்றவளுக்கு அல்வா கூடாது என்று அம்மா உள்ளேயிருந்து சொன்னாள். அவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார். எனக்கும் மனசு கொஞ்சம் லேசானது.

மறுநாள் காலையில் போன் வரும் நேரத்துக்கு என்னிடம் ஒரு கேள்வி இருந்தது. அம்மா படியில் போய் நின்றாள். அன்றைக்குக் காற்று வேறு சரியான காற்று. ஆடிக் காற்று, கொடியில் கிடந்த துணியெல்லாம் படபடவென்று அடித்தது. தறிச் சத்தமும் சேர்ந்ததில் இரண்டு பேருக்கும் ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு தடவை "என்னது? என்னது?" என்று கேட்டுப் பார்த்த அம்மா, போனைக் கையால் பொத்திக்கொண்டு கூடத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"தறிய நிறுத்துங்க. பிள்ளைக்கு ஆபீஸ் போன்."

"கரண்டு இருக்கும்போது நிறுத்தச் சொல்லுதியே."

"நிறுத்துங்கங்கேன்லா."

ஒவ்வொரு தறியாக நின்றது. பகல் வேளையில் எங்கள் தெரு அப்படி அமைதியாக இருந்து நான் கேட்டதில்லை. அடுத்த வீட்டிலிருந்து, "கரண்டு போயிட்டா?" என்று யாரோ விசாரித்தார்கள். பையன் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான். வழக்கம்போல அழப்போகிறான் என்று நினைத்தேன். அழவில்லை.

"ம், இப்பச் சொல்லு" என்றாள் அம்மா.

"ஹீட்டர முழுசா அணைச்சுட்டுப் பாத்தாங்களான்னு கேளும்மா."

கேட்டாள்.

"இந்தத் தடவ இல்லையாம். நேரம் பத்தலன்னு அத விட்டுட்டு, நேரா சூடு குடுத்துட்டாவளாம்."

"அணைக்கச் சொல்லு. அணைச்சுட்டு, ரெண்டு முனையும் அசையாம நிக்கிறவரைக்கும் காத்திருக்கச் சொல்லு. அப்புறம் எத்தன டிகிரி வித்தியாசம்னு பாக்கச் சொல்லு."

அம்மா சொன்னாள். சொல்லிவிட்டுக் காதில் போனை வைத்தபடி நின்றாள்.

"என்னம்மா?"

"தம்பி ஒண்ணும் பேசல. லைன் இருக்கு."

அவர் ஏன் பேசவில்லை என்று எனக்குப் புரிந்தது. ஹீட்டரை அணைத்துவிட்டால் பட்டை வழியாகப் போவதற்குச் சூடு கிடையாது. சூடு போகாவிட்டால் இரண்டு முனைகளுக்கும் வித்தியாசமும் இருக்கக் கூடாது. பட்டை கிழிந்திருந்தாலும் சரி, கிழியாவிட்டாலும் சரி, வித்தியாசம் கிட்டத்தட்ட ஒன்றுமில்லாமல் போக வேண்டும். அப்படிப் போகாமல் நின்றால், வெப்பமானி நம்மிடம் வேறு எதையோ சொல்கிறது. அவர் இதை யோசித்துக்கொண்டிருந்தார்.

பிறகு அம்மாவின் முகம் மாறியது. "சாயங்காலம் கூப்பிடுதானாம்" என்றாள். "குரலே வேற மாதிரி இருக்கு. நல்ல மாதிரிதான்."

மாலை போனுக்கு அப்பா தானாகவே தறியை நிறுத்திவிட்டு வந்து துவைக்கிற கல்லில் உட்கார்ந்துகொண்டார். அவருக்கு இதில் என்ன புரிந்தது என்று தெரியாது. ஆனால் பரீட்சை ரிசல்ட் வருகிற நாளில் உட்கார்ந்திருப்பதுபோல முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அம்மா கேட்டாள், கேட்டதைச் சொன்னாள்.

"அணைச்சுட்டாவளாம். அணைச்சும் அஞ்சு நிக்குதாம்."

அஞ்சு. பட்டையில் சூடே போகாதபோது ஐந்து டிகிரி. ஒன்பதில் அந்த ஐந்தைக் கழித்தால் பழைய நாலு. என் பட்டைக்கு ஒன்றும் ஆகவில்லை.

நான் பையனை அள்ளி நெஞ்சோடு அணைத்துக்கொண்டதைப் பார்த்து அப்பா பயந்துவிட்டார். "என்ன, ஃபெயிலா?" என்று அம்மாவிடம் மெதுவாகக் கேட்டார்.

"இருங்க, அவ சொல்லட்டும்."

"கிழியலப்பா" என்றேன். "அளக்கிறதுலதான் கோளாறு."

"அளக்கிறதுலயா? சவம், அதுக்கா இவ்வளவு பாடு" என்று சொல்லி எழுந்து போய்த் தறியைப் போட்டார்.

சேம்பரை மெல்லச் சூடேற்றித் திறக்கச் சில நாட்கள் ஆயின. திறந்து பார்த்தபோது காரணம் கிடைத்துவிட்டது. வெப்பமானியின் ஒயர் வெளியே சாதாரண அறையிலிருந்து வருகிறது. வரும் வழியில் அது தன்னோடு சூட்டையும் கொண்டுவரும். அதனால் வெப்பமானியைத் தொடுவதற்கு முன்னால், ஒயரைக் குளிர்ந்த பகுதியில் கொஞ்ச தூரம் படியவைத்து ஒட்டி, அதன் சூட்டை அங்கேயே இறக்கிவைத்துவிட வேண்டும். உலுக்கிய பிறகு திரும்ப ஒட்டியபோது, ஹீட்டர் முனையில் அந்த ஒட்டு சரியாகப் பிடிக்கவில்லை. ஒயர் அந்தரத்தில் தொங்கிக்கொண்டு, வெளிச்சூட்டை நேராக வெப்பமானிக்குள் இறக்கியிருக்கிறது. அதை ஒழுங்காகப் படியவைத்து, மறுபடி குளிர்வித்தார்கள். ஹீட்டரை அணைத்துப் பார்த்தார்கள், வித்தியாசம் இல்லை. போட்டுப் பார்த்தார்கள், நாலு. பட்டையை யாரும் அறுக்கவில்லை.

ஆடி முடிவதற்குள் நண்பர் வீட்டுக்கு வந்தார். குற்றாலத்தில் சீசன், மனைவியையும் இரட்டைப் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு போகிற வழியில் எங்கள் ஊரில் இறங்கினார். கோவிலில் ஆடித்தபசுத் திருவிழா முடிந்து கூட்டம் வடிந்திருந்த சமயம். வாசலில் நின்று அவர், "அம்மா" என்று கூப்பிட்டதுமே அம்மா அடுப்படியிலிருந்து, "வாங்க தம்பி, உள்ள வாங்க" என்றாள். முகம் பார்ப்பதற்கு முன்னாலேயே. வெளியே வந்து அவரைப் பார்த்துவிட்டு, "நான் நல்ல ஒசரமா இருப்பீங்கன்னு நெனச்சேன்" என்றாள். அவர் சிரித்துக்கொண்டே, "எல்லாரும் அதைத்தாம்மா சொல்றாங்க" என்றார்.

அவர் மனைவி என் அறைக்கு வந்து உட்கார்ந்து பையனை மடியில் வாங்கிக்கொண்டார். பெண்பிள்ளைகள் இரண்டு பேரும் தறிக்கூடத்து வாசலில் நின்றுகொண்டு நகர மறுத்தார்கள். அப்பா அவர்களுக்கு ஆளுக்கொரு காலிக் கண்டைக் கொடுத்து, எட்டி நின்று பார்க்கச் சொன்னார். நூல் சுற்றுகிற அந்தக் கட்டைக்காக அவர்கள் கொஞ்ச நேரத்தில் அடித்துக்கொண்டார்கள், ஒன்றுபோல இரண்டு இருந்தும்.

சாப்பிட்டு முடித்து வெற்றிலை போடும்போது நண்பர் அம்மாவிடம் சொன்னார்: "அம்மா, ஒண்ணு சொல்லணும், கோபப்படக் கூடாது. நீங்க பேசினதை எல்லாம் நான் ஸ்பீக்கர்லதான் போட்டிருந்தேன். டீம் மொத்தமும் கேக்கணுமில்ல."

அம்மா வெற்றிலையை மடித்தபடி நிமிர்ந்தாள். "மொத்தப் பேருமா?"

"ஆமாம்மா."

"அந்தம்மாவும் இருந்தாவளா? அறுக்கணும்னாவளே?"

"பக்கத்துலயே இருந்தாங்க. அவங்களுக்குத் தமிழ் நல்லாத் தெரியும். உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லச் சொன்னாங்க."

"என்ன சொன்னாவ?"

"தனக்கு மூணு பிள்ளைங்க இருக்குன்னு சொல்லச் சொன்னாங்க."

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். காது மடல்வரை சிவந்துவிட்டது. நான் கட்டிலில் தையலைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். சிரித்தால் வலித்தது, நிறுத்தவும் முடியவில்லை. அப்பா, "சொல்லியிருக்கக் கூடாதுதான்" என்று ஒரு வார்த்தை சொல்லி, அம்மா பார்த்த பார்வையில் எழுந்து தறிக்கூடத்துக்குப் போய்விட்டார்.

மேடம் பையனுக்கு ஒரு சட்டை கொடுத்தனுப்பியிருந்தார். ஒரு வயதில்தான் போட முடியும், அவ்வளவு பெரிது. அம்மா அதை மடித்துப் பெட்டிக்குள் வைத்தாள். அவர்கள் கிளம்பும்போது நண்பரிடம், "அந்தம்மாகிட்ட, நான் அப்படிச் சொன்னது அப்பத்த வேகத்துலன்னு சொல்லிருங்க" என்றாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆனா அறுக்காததுக்கு ரொம்ப சந்தோஷம்னும் சொல்லுங்க" என்றாள்.

பட்டையைக் குளிரிலும் சூட்டிலும் மாற்றி மாற்றி வைத்துப் பார்க்கும் கடைசிச் சோதனை ஆவணியில் முடிந்தது. அந்தச் செய்தி வந்த அன்று நானே புறவாசல் படியில் நின்று பேச அம்மா அனுமதி கொடுத்திருந்தாள், காதில் துண்டைக் கட்டிக்கொண்டு. பட்டை தேறிவிட்டது. போனை வைத்துவிட்டு அப்பாவிடம் சொன்னேன். "சரி" என்றார். அவ்வளவுதான் அவருடைய சந்தோஷம் என்று நினைத்தேன். ஆனால் சாயங்காலம் டீக்கடையில் உட்கார்ந்து, எங்க பிள்ளை செஞ்ச பட்டை பாஸாயிட்டு என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லியிருக்கிறார். அது தெருவுக்குத் தெரு எப்படி மாறிற்றோ தெரியாது. மறுநாள் காலையில் அடுத்த தெரு அக்கா ஒருத்தி வந்து வாசலில் நின்றாள்.

"ஒங்க வீட்டுத் தறியில புதுசா ஏதோ பட்டு நெய்ஞ்சிருக்கீங்களாமே. பரிசெல்லாம் கெடச்சிருக்காமே. காட்டுங்களேன் பாப்போம்."

அம்மா அவளை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தாள். காப்பி கொடுத்தாள். பிறகு, வானத்தில் ஒரு கேமரா போகப்போகிறது என்பதிலிருந்து ஆரம்பித்து, அது ஏன் குளிர வேண்டும், கரித்தாள் எப்படி மடங்கும், ராக்கெட் எப்படி உலுக்கும், ஒயர் எப்படிச் சூட்டைக் கொண்டுவந்து ஏமாற்றிற்று என்று எல்லாவற்றையும் சொன்னாள். நான் உள்ளே பையனைத் தூங்கவைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். ஏறக்குறைய எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அந்தக் கேமராவே தன் மகள் செய்ததுதான் என்று முடிவில் ஒரு போடு போட்டாள்.

அந்த அக்கா, "அப்படியா" என்றாள். நான் எழுந்து போய்த் திருத்தவில்லை.